பால்சாமி சொன்னால் பலிக்காது

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை ஏறுமா இறங்குமா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஏல மையத்தில் போய் உட்கார்ந்து விலை ஓடுகிற திரையையே வெறித்துக்கொண்டிருப்பது ஒரு வழி. ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போய் பால்சாமிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பது இன்னொரு வழி. விவரம் தெரிந்த வியாபாரிகள் இரண்டாவது வழியில்தான் போவார்கள். விலை ஏறும் என்று பால்சாமி சொல்லிவிட்டால் அன்றைக்கே சரக்கைத் தள்ளிவிடுவார்கள். இறங்கும் என்று சொன்னால் மூட்டையைக் கட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இதில் குழம்ப ஒன்றுமில்லை. பால்சாமி சொன்னது எதுவும் இதுவரை நடந்ததில்லை, அவ்வளவுதான். ஏதோ அங்கொன்றும் இங்கொன்றும் தப்பினால் அவர் நம்மைப் போல ஒரு சாதாரண ஆள். சொன்னது அத்தனையும் தப்புகிற மனிதரை ஊர் சும்மா விட்டுவைக்குமா? பயன்படுத்திக்கொண்டது.

பால்சாமிக்கு ஐம்பத்தாறு வயது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை விடிந்தும் விடியாமலும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவெல்லாம் சுற்றி மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அவர் சோலி. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் இது இப்படித்தான் ஆகும் என்று சொல்லியாக வேண்டும். வாய்க்கு வந்ததை அடித்து விடுகிற ரகமும் கிடையாது. தலையை வெளியே நீட்டி மேகத்தைப் பார்ப்பார், காற்றை மோந்து பார்ப்பார், நாலு பழைய சங்கதிகளை நினைத்துப் பார்ப்பார், அப்புறம்தான் சொல்வார்.

"அண்ணே, இன்னிக்கு மழை உண்டா?" என்று பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள்.

"ஒரு சொட்டு விழுகாது ஆத்தா. எழுதி வச்சுக்க."

உடனே ஜீப்பில் இருக்கிற அத்தனை பேரும் பிளாஸ்டிக் தாளை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். மேலே போய் இறங்கும்போது சோவென்று கொட்டிக்கொண்டிருக்கும்.

ஊர் தன்னை இப்படித் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறது என்பது ரொம்ப காலம் பால்சாமிக்கே தெரியாது. ராமர் என்ற ஏலக்காய் வியாபாரி ஒரு நாள் ஸ்வீட் பாக்சோடு வந்து, "அண்ணே, உங்க புண்ணியத்துல வீட்டுக்கு மாடி எடுத்துட்டேன்" என்றார். பால்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொன்ன மாதிரியே செஞ்சியாப்பா?" என்று கேட்டார். "அதெப்படிண்ணே, அப்படியே நேரெதிராச் செஞ்சேன்" என்றார் ராமர். பால்சாமி கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் ஸ்டாண்டு டீக்கடையில் டீயும் வடையும் தினம் ஓசியில் வந்துகொண்டிருந்தபோது ரோசத்தை எவ்வளவு நாள்தான் காப்பாற்ற முடியும்? சமாதானமாகிவிட்டார்.

இதில் ஒரு சட்டதிட்டம் உண்டு. மனசார நினைத்துச் சொன்னால்தான் அது செல்லும். சும்மா ஒப்புக்குச் சொன்னால் செல்லாது. இதை ஊருக்கு நிரூபித்துக் காட்டியவர் பாண்டியராஜன். கவுன்சிலர் எலெக்‌ஷனில் நின்ற அவர், பால்சாமியை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆட்டுக்கறி பிரியாணி போட்டு, "நான் தோத்துருவேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினார். பிரியாணி நன்றாக இருந்தது. இவ்வளவு நல்ல மனுசன் தோற்கவே மாட்டான் என்று பால்சாமிக்கு உள்ளுக்குள் பட்டுவிட்டது. சாப்பிட்ட நன்றிக்காக, "தோத்துருவ தம்பி" என்று வாயால் சொன்னார். சொல்லும்போதே வலது காதைப் பரபரவென்று சொறிந்தார். பாண்டியராஜனுக்கு டெபாசிட்டும் மிஞ்சவில்லை.

அந்தக் காது விவகாரம் ஊருக்கே தெரிந்ததுதான். பொய் சொன்னால் பால்சாமிக்கு வலது காது அரிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் அவர் பொய் சொல்லிப் பிழைக்கிற தொழில் எதற்கும் போக முடியாமல் ஜீப்பு ஓட்ட வந்தார்.

அவர் சொன்னதில் தப்பிப் போன மிக நல்ல சங்கதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அது பேச்சிதான். ராசிங்காபுரத்தில் பெண் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது, "இந்தப் பிள்ளை நமக்கெல்லாம் அமையாது" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. அமைந்தது. மகன் பிறந்து, வளர்ந்து, திருப்பூருக்கு வேலைக்கும் போய்விட்டான். பொண்ணுதான் பிறக்கும் என்று அவர் அடித்துச் சொன்னதால், பேச்சி முன்கூட்டியே பையனுக்குத்தான் சட்டை தைத்து வைத்திருந்தாள்.

அந்தப் பேச்சிதான் ஒரு நாள் துணி துவைக்கும்போது அவர் வேட்டியில் ரத்தக்கறையைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"மூலச்சூடு புள்ள. நாள் பூரா எஞ்சின் பக்கத்துல உக்காந்து ஓட்டுறவனுக்கு வராம யாருக்கு வரும்? ரெண்டு நாளு வெந்தயம் போட்டு மோரு குடிச்சாச் சரியாப் போகும். ஒண்ணும் இருக்காது."

'ஒண்ணும் இருக்காது' என்று காதில் விழுந்ததும் பேச்சி வேட்டியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். 'ஏதோ பெருசா இருக்கும் போலிருக்கு' என்று அவர் சொல்லியிருந்தால் மோரைக் கலக்கிக் கொடுத்துவிட்டுச் சோலியைப் பார்த்திருப்பாள். மறுநாள் முதல் பஸ்சில் அவரை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்த மாதிரி ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் மோர் குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனையோ பேர். பால்சாமிக்கு அந்த ஆபத்து வராமல் காப்பாற்றியது அவருடைய வாய்தான்.

ஆஸ்பத்திரியில் பின்பக்கமாகக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு வயிற்றைச் சுத்தம் பண்ணுகிற மருந்தைக் கரைத்துக் கொடுத்தார்கள். முழுச் சொம்பையும் குடித்துவிட்டு, "காரமும் புளியும் தின்னு வளர்ந்த வயிறு, இதெல்லாம் நம்மள ஒண்ணும் செய்யாது" என்றார் பால்சாமி. அதுவும் தப்பிப் போனது. அன்றைக்கு அவர் கக்கூசை விட்டு வெளியே வந்த நேரம் குறைவு.

பெருங்குடலில் கட்டி. சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர் என்று வந்தது. டாக்டர் சுகன்யா, சின்ன வயசுதான், ஆனால் நிதானமான பெண். குடலில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டுப் போட்டுத் தைத்தார். காயம் ஆறி எழுந்து உட்கார்ந்த பிறகு பேச்சியையும் அவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்தாச்சும்மா. பக்கத்துல இருக்கிற நெறிகட்டியிலயும் ஒண்ணும் இல்ல. ஆனா சில பேருக்கு ஒண்ணு ரெண்டு வருசம் கழிச்சு ஈரல்லயோ நுரையீரல்லயோ போய்ப் புதுசா முளைக்குது. யாருக்கு முளைக்கும், யாருக்கு முளைக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, கீமோ கொடுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வசதியா இருக்கும்."

"அதை எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?" என்றாள் பேச்சி.

"கட்டியில இருக்கிற செல் எல்லாம் ஒண்ணுபோல இல்லம்மா. முக்கால்வாசி சும்மா கூட்டம். கொஞ்சம்தான் தாய் மாதிரி. ஸ்டெம் செல்லுன்னு பேரு. மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. வேற இடத்துல போய் உக்காந்து புதுக் கட்டி உண்டாக்குற தெம்பும் அதுக்குத்தான் உண்டுன்னு சொல்றாங்க. வெட்டி எடுத்த கட்டியில அந்தத் தாய் செல்லு எவ்வளவு சுறுசுறுப்பா இருக்குன்னு பார்க்கிற ஒரு ஆராய்ச்சி நடக்குது. உங்க வீட்டுக்காரர் கட்டியையும் அதுக்கு அனுப்புறோம். ரொம்பச் சுறுசுறுப்புன்னா பரவுறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. மந்தமா இருந்தா கம்மி. உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு கணிப்புத்தான்."

பால்சாமிக்குப் புரிந்தது. ஏலச்செடியில் தட்டையை எத்தனை தடவை வெட்டினாலும் அடியில் தூர் இருக்கிற வரைக்கும் பக்கத்தில் வெடித்துக் கிளம்பிவிடும். அதைத்தான் அந்தப் பெண் சொல்கிறது. டாக்டரிடம் அதைச் சொல்லவும் சொன்னார். டாக்டர் ஏலக்காயைப் பாயசத்தில் மட்டும் பார்த்தவர், மரியாதைக்குத் தலையாட்டிவைத்தார். ஆனால் பால்சாமியை உசுப்பிவிட்டது கடைசி வார்த்தைதான்.

"கணிப்பா? நானும் அந்த லைன்தான் டாக்டர்" என்றார். "என்னையக் கேட்டா, இது..."

பேச்சி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அவர் முகம் தெளிந்து, கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். நல்லதாக எதையோ சொல்லப் போகிற முகம்.

ஆராய்ச்சி முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த வாரங்கள் இருக்கின்றனவே, போடியில் இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை. பால்சாமி மனசுக்குள் என்ன நினைக்கிறார் என்பதுதான் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரே பேச்சு. பரவாது என்று அவர் வாயைத் திறந்து சொல்லாத வரைக்கும் பயமில்லை என்றார் ராமர். மனசில் நினைத்தாலே முடிந்தது கதை என்றான் மொக்கச்சாமி. இவன் பேச்சியின் தம்பி, சிலமலைக்காரன், எதையும் கடைசிவரை யோசிக்கிறவன். ராமர் கட்சி, மொக்கச்சாமி கட்சி என்று கடை இரண்டாகப் பிரிந்து கத்தி, கடைசியில் ராசியானது. பால்சாமி மனசாரப் பயப்பட வேண்டும், 'பரவிரும்' என்று வாயைத் திறந்தும் சொல்ல வேண்டும், அப்போதுதான் ஆள் பிழைப்பார் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு நல்லது செய்வதற்காகவே வந்தார்கள். மொக்கச்சாமி தினமும் ஒரு சாவுக் கதையோடு வருவான்.

"மாமா, எங்க ஊருல ஒருத்தருக்கு இதே மாதிரிதான். ஆபரேசன் பண்ணி நல்லாத்தான் இருந்தாரு. ஒரு நாளு இட்லி தின்னுக்கிட்டு இருந்தவரு..."

"ஐயோ பாவம். எத்தனை இட்லி தின்னாரு?"

"அது எதுக்கு மாமா?"

"ஜாஸ்தி தின்னுருப்பாருடா மாப்ளே. நான் நாலோட நிறுத்திக்கிறேன்."

ஜீப்பில் வருகிற பெண்கள் வாசலில் வந்து நின்று, முதலில் பேச்சியிடம் ஜாடையில் கேட்டுக்கொண்டு, அப்புறம் முந்தானையை வாயில் வைத்து விசும்பினார்கள். "உங்களை மாதிரி ஒரு மனுசனை இனி எங்கண்ணே பாப்போம்?" என்றாள் ஒருத்தி. அவருக்குப் பெருமையாக இருந்தது. நம் மேல் இத்தனை பேர் பிரியமாக இருக்கும்போது நமக்கு என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. அவர் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். இனி பாலிசி கிடைக்காது என்று சொல்லிப் பயமுறுத்துவதற்காக ராமர் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கூட்டிவந்தார். அந்த ஆள் பால்சாமியின் சிரிப்பைப் பார்த்து ஏமாந்து, பாலிசி போட்டுக் கொடுக்கவே தயாராகிவிட்டான்.

விளையாட்டு இல்லை, பால்சாமியும் முயற்சி பண்ணிப் பார்த்தார். ஊர் சொல்வது அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆயுசு பூராவும் நினைத்தது நடக்காதவன் பிழைத்துவிடுவேன் என்று நினைத்தால் என்ன அர்த்தம்? அதைவிட ஒரு கெட்ட சகுனம் உண்டா? அவருக்குச் சாவைக் கண்டு இருந்த பயத்தைவிட, தனக்குள் இருந்த நம்பிக்கையைக் கண்டு இருந்த பயம் பெரிதாக இருந்தது. காலையில் எழுந்ததும் மூலையில் உட்கார்ந்து, ஈரலைப் பற்றி, நுரையீரலைப் பற்றி, பேச்சி தனியாக இருப்பதைப் பற்றி வரிசையாக நினைப்பார். கண்ணில் தண்ணீர் வரும். ஆகா, வந்துவிட்டது என்று சந்தோசப்படுவார். அந்தச் சந்தோசத்திலேயே பயம் போய்விடும். அடுப்படியிலிருந்து கருவாட்டு வாசனை வந்தால் போச்சு, அடுத்த வருசம் ஜீப்புக்கு என்ன கலர் பெயிண்டு அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். வெட்ட வெட்ட அந்த நம்பிக்கை பக்கத்தில் வெடித்துக் கிளம்பிக்கொண்டே இருந்தது. டாக்டர் சொன்ன தாய் செல் தனக்குள் வேறெங்கேயோகூட இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன செய்யட்டும் பேச்சி? போய்த் தொலைய மாட்டேங்குது" என்றார்.

பேச்சி கருவாட்டுக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

முடிவு வந்துவிட்டது என்று போன் வந்த அன்று மொக்கச்சாமியும் கூடவே மதுரைக்கு வந்தான். ஊருக்குச் சாட்சி வேண்டுமே. டாக்டர் அறையில் மூன்று நாற்காலிகள். பால்சாமி நடுவில், இந்தப் பக்கம் பேச்சி, அந்தப் பக்கம் மொக்கச்சாமி.

டாக்டர் சுகன்யா சுற்றி வளைக்கவில்லை. "அந்தத் தாய் செல்லுங்க ரொம்பச் சுறுசுறுப்பா இருக்குன்னு வந்திருக்கு. கட்டியில வேற சில அடையாளமும் அதுக்குத் தோதாத்தான் இருக்கு. அதனால பின்னால பரவுறதுக்கு வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தின்னுதான் நான் நினைக்கிறேன்" என்றார்.

இப்போது பால்சாமிக்குப் பயம் வந்தது, நிஜமான பயம். இதோ வந்துவிட்டது, இதைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். பேச்சி திரும்பி உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

பால்சாமி வாயைத் திறந்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உள்ளே என்னமோ ஆகிவிட்டது. பேச்சியின் கை வெதுவெதுப்பாக இருந்தது. மூக்குத்திக்குப் பக்கத்தில் வேர்வை பூத்திருந்தது. இவளை விட்டுவிட்டுப் போவதாவது, அதெல்லாம் நடக்காது, நமக்கு ஒன்றும் ஆகாது என்று அந்தப் பாழாய்ப்போன தூர் மறுபடியும் முளை விட்டது. ஆனால் பேச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டும். அதைக் கொடுக்காமல் எப்படி இருப்பது?

"பரவும்" என்றார். "டாக்டர் சொல்றது சரிதான். பரவிரும்னுதான் எனக்கும் படுது."

சொன்ன அடுத்த நொடி வலது காது அரிக்க ஆரம்பித்தது. அரிப்பென்றால் சாதாரண அரிப்பில்லை, கட்டெறும்புக் கூட்டம் உள்ளே புகுந்த மாதிரி. கையை உருவப் பார்த்தார். பேச்சியின் பிடி இரும்பாக இருந்தது. கழுத்தைக் கோணி தோளில் தேய்க்கலாமா என்று பார்த்தார், எட்டவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அழுகுறாரு! மாமா மனசார அழுகுறாரு!" என்று மொக்கச்சாமி நாற்காலியிலிருந்து குதித்தான். "பொழச்சுட்டீக மாமா!" என்று அவர் தலையைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தான். போனை எடுத்து, "ராமரண்ணே, சொல்லிட்டாரு, கையக்கூட அசைக்கலைண்ணே" என்று கத்தினான். அந்தப் பக்கம் டீக்கடையில் விசில் அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. பேச்சி அவர் கையை விடாமலே சிரித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் சுகன்யா எத்தனையோ குடும்பங்களுக்குக் கெட்ட செய்தி சொன்னவர். கெட்ட செய்தியைக் கொண்டாடுகிற குடும்பத்தை அவர் பார்த்ததில்லை. நர்சைக் கூப்பிட்டு, மனநல ஆலோசகர் யாராவது சும்மா இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார். அப்புறம் மொக்கச்சாமி ஆதியோடந்தமாக விஷயத்தைச் சொல்லவும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, நீங்களும் நானும் ஒரே லைன்தான்" என்றார் பால்சாமியைப் பார்த்து. "நாங்க இதைக் கணிக்கிறதே பொய்யாகட்டும்னுதான். பரவும்னு முன்னாடியே தெரிஞ்சா, பரவ விடாம மருந்து கொடுக்கலாம்ல? அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கலாம்."

கீமோ ஆறு மாசம் நடந்தது. அது கொண்டாட்டமாக இல்லை. வாய் கசந்தது, வயிறு புரட்டியது. அந்த மருந்துக்குக் குளிர்ச்சி ஆகாது. குளிர்ந்த எதையாவது தொட்டால் விரல் நுனியில் கரண்டு அடித்த மாதிரி சுரீர் என்றது, தண்ணீரைக்கூடச் சுட வைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. விடியற்காலையில் பனி இறங்குகிற மெட்டுப் பாதையில் இரும்பு ஸ்டியரிங்கை அவர் எப்படிப் பிடிப்பார்? ஜீப்பை மாரீஸ்வரன் என்ற பையன் ஓட்டினான். நல்லவன், ஆனால் மழை வருமா என்று கேட்டால் போனை எடுத்துப் பார்த்துவிட்டு "வரலாம், வராமலும் போகலாம்" என்பான். பெண்கள் நனைந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர்களே காலையில் பால்சாமிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு ஏறினார்கள்.

தெருவில் பார்க்கிறவர்கள் எல்லோரும், "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார்கள். "பரவிரும் போலதான்ப்பா இருக்கு" என்று அவர் சொல்ல வேண்டும். "ரொம்ப நல்லதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குளிருக்காக என்று காதை மூடி ஒரு மஃப்ளரைக் கட்டியிருந்தார். மஃப்ளருக்குள் காது வெந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலிலும் அவர் அதை அவிழ்க்கவில்லை.

ஆறு மாசமும் அவர் ஒரு நாள்கூட அதை நம்பவில்லை. வாந்தி எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும்போதுகூட நம்பவில்லை. அதனாலேயே பயந்துகொண்டிருந்தார். ஊரையும் பேச்சியையும் ஏமாற்றியாயிற்று. நினைத்தது நடக்காது என்கிற அந்தக் கணக்கு மட்டும் தன்னைத் தேடிக்கொண்டு வந்து நிற்கும் என்று ஒவ்வொரு தடவை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கும்போதும் நினைப்பார். மெஷின் கடகடவென்று சத்தம் போடும். பேச்சியிடம் சொல்லியழவும் முடியாது.

கீமோ முடிந்து ஒரு வருசம் கழித்து எடுத்த ஸ்கேனை டாக்டர் சுகன்யா ரொம்ப நேரம் பார்த்தார். ஈரல் சுத்தமாக இருந்தது. நுரையீரலும் சுத்தம்.

"இப்ப வரைக்கும் எங்கயும் இல்ல. இன்னும் சில வருசம் விடாம வந்து பார்த்துக்கிடணும்" என்றார். "மருந்து கேட்டுச்சுன்னு நான் சொல்லுவேன். உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

போடிக்குத் திரும்புகிற பஸ்சில் பேச்சிக்கு ஜன்னல் ஓரம். பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியது. ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று வந்து அடித்ததும் பால்சாமி மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்தார்.

"ஏ புள்ள, அன்னிக்கு டாக்டரம்மா ரூம்புல என் கையை எதுக்கு அந்தப் பிடி பிடிச்ச? மறுநாளு வரைக்கும் வலிச்சுச்சு."

பேச்சி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"விட்டிருந்தா காதைச் சொறிஞ்சிருப்பீகல்ல."

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"ஒங்க கூட இத்தனை வருசம் குடும்பம் நடத்துனவளுக்கு இதுகூடவா தெரியாது? மொக்கச்சாமி பக்கத்துல உக்காந்து ஒங்க கையவே பாத்துக்கிட்டு இருந்தான். அவன் பாத்துட்டா ஊரு பூரா வாசல்ல வந்து எழவு வீடு மாதிரி உக்காந்துருமே. நீங்க நம்பிக்கிட்டு இருந்ததையும் புடுங்கிருவாங்க. எனக்கு ஒங்க நம்பிக்கை வேணும்னு இருந்துச்சு. அதை வச்சுத்தான் நானும் இருந்தேன்."

"அடியே, அப்ப நான் நினைச்சது ஒண்ணு நடந்துருச்சே!" என்று பால்சாமி கத்தினார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "பேச்சி, எனக்குப் பலிச்சுருச்சுடி!"

"மெதுவாப் பேசுங்க. ஸ்டாண்டுல தெரிஞ்சா டீ கிடைக்காது."

பஸ் இறக்கத்தில் இறங்கியது. தேனிப் பக்கத்து மலையெல்லாம் தெரிய ஆரம்பித்தது. பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் எதையும் நல்லபடியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை. பயந்துகொண்டு வாயைப் பொத்தித்தான் பழக்கம். இப்போது அவளாகத் திரும்பினாள்.

"என்னங்க," என்றாள், "இனிமே வராதுல்ல?"

"வராது" என்றார் பால்சாமி.

பேச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவர் கைகளைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் அவற்றைப் பிடித்திருக்கவில்லை. மஃப்ளர் மேல் இரண்டு கையும் அப்படியே கிடந்தன. தேனி பஸ் ஸ்டாண்டு வரும் வரைக்கும் அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.